மேசைக்குள்ள ஒரு பிக்சர் டியூப்

ஒரு மேசை செய்யப் போறேன் மக்களே. சாப்பாட்டு மேசை இல்லை. மேல கண்ணாடி, கண்ணாடிக்குக் கீழே திரை, எதிரெதிரா ரெண்டு பேர் உட்கார்ந்து பேக்-மேன் ஆடுற மேசை. காக்டெய்ல் கேபினெட்னு பேரு. பேருதான் அப்படி, பையன் பெரிய ஆளானது ஜப்பான் காபிக்கடையில.

பொழப்புக்காக ஊரை விட்டு பீன்யாவுல வந்து ஆணி புடுங்குறவனுக்கு (இங்கே நிஜமாவே ஆணி செய்றாங்க, அது வேற விஷயம்) சாமான் ஒரு பிரச்சினையே இல்லை. தகடு வளைக்க ஒரு சந்து, பவுடர் கோட்டிங்குக்கு அடுத்த சந்து. தங்கமணி மட்டும் ஒரு கேள்வி கேட்டாங்க: "அதான் மொபைல்லயே இருக்கே, மேசை எதுக்கு?" நியாயமான கேள்வி. பதில் சொல்ல கொஞ்சம் வரலாறு வேணும்.

எங்க ஊர்ல நான் பார்த்ததெல்லாம் பீரோ மாதிரி நிக்கிற பொட்டி. ஜப்பான் காபிக்கடையில அதுக்கு ஏது இடம்? வர்றவங்க உட்கார்ந்து காபி குடிக்க வர்றாங்க. அப்போ காபி வைக்கிற மேசையே காசு சம்பாதிச்சா? 1976-ல அடாரியோட பிரேக்அவுட் வந்து, அது ஜப்பானுக்குப் போனதும் இந்த மேசை வியாபாரம் சூடு பிடிச்சுது. முன்னாடி நின்னது டைட்டோ. ஒடெசாவுல பிறந்த மைக்கேல் கோகன் 1953-ல டோக்கியோவுல ஆரம்பிச்ச கம்பெனி. 1978-ல அங்கே டோமோஹிரோ நிஷிகாடோ ஏறக்குறைய தனி ஆளா உருவாக்கின ஸ்பேஸ் இன்வேடர்ஸ் வந்ததும் காபிக்கடைகள் மேசையை மாத்திப் போட்டன. சிலது காபியையே மறந்து 'இன்வேடர் ஹவுஸ்' ஆயிடுச்சு. நாட்டுல 100 யென் காசுக்கே பஞ்சம் வந்துதுன்னு ஒரு கதை உண்டு. நம்பாதீங்க. 1978, 79-ல அடிச்ச 100 யென் காசு, 1977-ல அடிச்சதை விடக் குறைவு. பஞ்சம்னா கூடத்தானே அடிச்சிருப்பாங்க?

எனக்குப் பிடிச்ச சங்கதி இனிமேதான். எதிரெதிரா உட்கார்ந்தா ஒருத்தருக்குப் படம் தலைகீழாத்தானே தெரியும்? மேசையைத் திருப்ப முடியாது, படத்தைத் திருப்பினாங்க. முதல் ஆள் அவுட்டானதும் படம் 180 டிகிரி சுத்தி அடுத்தவருக்கு நேராகும். நிக்கிற பொட்டியா, மேசையான்னு போர்டுக்குச் சொல்ல ஒரு சுவிட்ச், அவ்வளவுதான். 1997-ல நிகோலா சால்மோரியா வெளியிட்ட மேம் மென்பொருள்லயும் அந்த சுவிட்ச் அப்படியே மெனுவுல இருக்கு. அதை நம்பித்தான் என் திட்டமே.

எதிராளி ஆடும்போது நமக்குத் தலைகீழ் படம்தான். செய்ய ஒண்ணுமில்லை, அவர் முகத்தைப் பார்க்கணும். தங்கமணிக்கு நான் சொன்ன பதில் இதுதான். வீட்டுல பையன் மொபைல்ல ஆடும்போது நான் பார்க்கிறது அவன் உச்சந்தலையை மட்டும்தான்.

பீன்யாவுக்குப் பக்கத்துலயே ஜாலஹள்ளி. அங்கே இருக்கிற பி.இ.எல். 1970-ல கருப்பு வெள்ளை டிவிக்குப் பிக்சர் டியூப் செய்ய ஆரம்பிச்சுது. ஸ்பேஸ் இன்வேடர்ஸும் முதல்ல ஓடினது கருப்பு வெள்ளை டியூப்லதான், கலருக்கு மேல வண்ணத்தாள். டியூப் இங்கேயும் இருந்துது. ஆனா தர்ஷினியில நின்னுக்கிட்டே காபி குடிக்கிற பெங்களூருல அந்த மேசை பிழைச்சிருக்குமாங்கிறது சந்தேகம்தான்.

இப்போ என் தலைவலி, டியூபா தட்டைத் திரையா? டியூப் எந்தப் பக்கம் இருந்து பார்த்தாலும் ஒரே மாதிரி தெரியும். மலிவான டி.என். வகை எல்.சி.டி. அப்படி இல்லை. குறுக்குவாட்டுல படுக்க வச்சா ஒருத்தருக்குப் பளிச், எதிர்ல இருக்கிறவருக்கு மசமச. பேக்-மேனுக்கு நெட்டுக்குத்தா வச்சா ஓரளவு தப்பிக்கலாம். ஐ.பி.எஸ். பேனல்னா அந்தக் கவலையே இல்லை. பழைய இரும்புக் கடையில 14 அங்குல டியூப் ஒண்ணு பார்த்து வச்சிருந்தேன். ஆனா ஒரு அடிக்கு மேல ஆழம், ஈயம் கலந்த கண்ணாடி, அணைச்ச பிறகும் ஷாக் அடிக்கிற சாமான். பையன் முழங்கால் அதுக்கு அடியிலதான் இருக்கப் போகுது.

மனசு வரலைதான். ஐ.பி.எஸ்.ஸுக்குச் சொல்லியாச்சு. ஞாயித்துக்கிழமை 18 மி.மீ. பிளைவுட் வெட்டக் கொடுக்கணும்.