இங்கிலாந்தின் மாவட்ட மன்றத் தேர்தல்கள்

கவுண்டி எனப்படும் பெரும்பிரிவுக்குள் அடங்கிய சிறு நிர்வாகப் பகுதியையே இங்கிலாந்தில் மாவட்டம் என்கிறார்கள். குப்பை அகற்றுதல், வீட்டுவசதி, கட்டட அனுமதி முதலியவற்றைக் கவனிக்கும் அதன் மன்றத்துக்கு நடைபெறும் தேர்தல்களை வரலாற்று நூல்கள் சில வரிகளில் கடந்துவிடுவது பெருங்குறை. ஏனெனில் வாக்குரிமை விரிவடைந்த வரலாற்றில் இத்தேர்தல்கள் நாடாளுமன்றத்துக்கு முன்னே சென்றவை.

மாவட்ட மன்றங்கள் தோன்றுவதற்கு முன்பு கிராமப்புறச் சுகாதாரப் பணிகள், வறியோர் நிவாரணத்தை நடத்திவந்த காப்பாளர் குழுக்களிடம் இருந்தன. அக்குழுக்களுக்கான தேர்தலில் சொத்தின் மதிப்புக்கேற்ப வாக்குகளின் எண்ணிக்கை கூடியது: நில உரிமையாளர் ஒருவருக்கு 6 வாக்குகள் வரை கிடைத்ததுடன், அவரே அந்நிலத்தை அனுபவித்து வரி செலுத்துபவராகவும் இருந்தால் மொத்தம் 12 வரை அவரால் அளிக்க முடிந்தது, சிறு குடிசைக்கு வரி செலுத்தியவருக்கோ ஒரே வாக்கு. அப்பகுதியில் வசித்த நீதிபதிகள் எவராலும் தேர்ந்தெடுக்கப்படாமலே பதவிவழி உறுப்பினர்களாக அமர்ந்தனர்.

1894-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் இந்த ஏற்பாட்டைக் கலைத்தது. நகர்ப்புற மாவட்டம், ஊரக மாவட்டம் என இருவகை மன்றங்களை அது நிறுவி, ஒருவருக்குப் பல வாக்குகள் என்ற முறையையும் பதவிவழி இருக்கைகளையும் நீக்கியதோடு, தகுதியுள்ள பெண்கள் மணமானவர்களாயினும் வாக்களிக்கவும் உறுப்பினராகவும் வழிசெய்தது. கவுண்டி மன்றங்களில் பெண்கள் அமர 1907 வரையும், நாடாளுமன்றத்துக்கு வாக்களிக்க 1918 வரையும் காத்திருக்க நேர்ந்ததை நினைத்தால், 1894 டிசம்பரில் நடந்த முதல் மாவட்டத் தேர்தல்களின் அருமை விளங்கும். ஆயினும் அந்த உரிமையும் முழுமையானதன்று: மன்றத் தலைவர் பதவிவழி நீதிபதியாவார் என்று விதித்த அதே சட்டம், தலைவர் பெண்ணாயின் அது பொருந்தாது என்று வெளிப்படையாகவே எழுதிவைத்தது. ஊரகப் பகுதிகளில் பெருவிவசாயிகளின் செல்வாக்கும் எளிதில் அகலவில்லை. போட்டியின்றியே நிரம்பிய இடங்கள் ஏராளம்.

உள்ளாட்சி வாக்கு வீட்டையோ நிலத்தையோ சார்ந்திருந்த நிலை 1945-இல்தான் அகன்று, நாடாளுமன்ற வாக்காளர் அனைவருக்கும் அது உரியதாயிற்று. 1969-ஆம் ஆண்டுச் சட்டம் வாக்களிக்கும் வயதை 21-இலிருந்து 18 ஆகக் குறைத்தது. வேட்பாளரின் கட்சியை வாக்குச்சீட்டில் குறிப்பிடவும் அனுமதித்தது. பிரிட்டனில் முறையாக வசிக்கும் காமன்வெல்த் நாட்டுக் குடிமக்களுக்கும் வாக்குண்டு என்பதால், இந்திய, இலங்கைக் குடியுரிமையோடு அங்கு வாழும் தமிழரும் இத்தேர்தல்களில் பங்கேற்கின்றனர்.

1972-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் பழைய நகர்ப்புற, ஊரக மாவட்டங்களை ஒழித்து, இங்கிலாந்தில் 36 பெருநகர மாவட்டங்களையும் 296 பிற மாவட்டங்களையும் அமைத்தது. புதிய மன்றங்களுக்கு 1973-இல் தேர்தல் நடந்து, 1974 ஏப்ரல் 1 அன்று அதிகாரம் கைமாறியது. பெருநகர மாவட்டங்களில் மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்பட, நான்காம் ஆண்டு கவுண்டித் தேர்தலுக்கு விடப்பட்டது. பிற மாவட்டங்கள் அம்முறையையோ, நான்காண்டுக்கு ஒருமுறை முழு மன்றத்தையும் தேர்ந்தெடுக்கும் முறையையோ ஏற்கலாம். எல்லைகள் விரிந்ததும் தேசியக் கட்சிகள் முழுமூச்சில் இறங்கின. ஊரறிந்த சுயேச்சைகளின் இடம் சுருங்கியது. 1979 மே 3 அன்று மாவட்டத் தேர்தல்களும் பொதுத் தேர்தலும் ஒரே நாளில் வந்தபோது வாக்குச்சாவடிகள் நிறைந்தன. உள்ளூர்ப் பிரச்சினைகளோ தேசியப் போட்டியின் இரைச்சலில் அமிழ்ந்தன.

அண்மையில் அரசுகள் மாவட்டங்களையே கலைத்து வருகின்றன. 2023 ஏப்ரலில் கம்ப்ரியா, வடக்கு யார்க்‌ஷயர், சாமர்செட் ஆகிய மூன்று கவுண்டிகளிலும் 17 மாவட்ட மன்றங்கள் மறைந்து, கவுண்டி, மாவட்டம் ஆகிய இரு அடுக்குகளின் பணிகளையும் ஒருசேரச் செய்யும் ஒற்றை மன்றங்கள் பொறுப்பேற்றன. 2024 டிசம்பரில் வெளியான அரசின் வெள்ளை அறிக்கை, எஞ்சிய இரு அடுக்குப் பகுதிகளிலும் இதையே முன்மொழிந்தது. பரப்பளவில் இங்கிலாந்தின் மிகப்பெரிய கவுண்டிகளுள் ஒன்றான வடக்கு யார்க்‌ஷயரில், ஏழு மாவட்ட மன்றங்கள் செய்த வேலையும் கவுண்டியின் வேலையும் இன்று 90 உறுப்பினர்களிடம் உள்ளன.