தண்ணித் துப்பாக்கி மரமும் கொசுத்தேனீயும்

ஆணி கொஞ்சம் குறைவா இருந்த ஒரு வாரக்கடைசியில ஊருக்குப் போயிருந்தேன். செவ்வாய்ப்பேட்டையில எங்க வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி ஒரு மரம் உண்டு. உச்சியில தீப்பிடிச்ச மாதிரி பூக்கும். மொட்டைக் கிள்ளி அமுக்கினா தண்ணி பீச்சியடிக்கும். பள்ளிக்கூட நாள்ல எங்களுக்கு அதுதான் துப்பாக்கி. சட்டைக் கறைக்கு அம்மாகிட்ட வாங்கினது தனிக்கதை.

இந்தத் தடவை கீழ விழுந்த பூவை எடுத்துப் பார்த்தா உள்ளார நாலஞ்சு கொசுத்தேனீ செத்துக் கிடக்குது. அப்பாவுக்கோ அதே மரத்துக் கன்னு ஒண்ணை வாசல்ல நடணும்னு ஆசை. எங்க வீட்டுப் பழைய சுவத்து ஓட்டையில தாத்தா காலத்துலருந்து கொசுத்தேனீ கூடு இருக்கு. விட முடியுமா? கிளறினேன்.

பேரு ஸ்பாத்தோடியா. ஆப்பிரிக்க துலிப் மரம்னும் சொல்றாங்க. 1786-ல மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போன பாலிஸோ டி பூவாங்கிற பிரெஞ்சுக்காரர், 1805-ல இதுக்கு அறிவியல் பேரு வச்சு எழுதினார். அப்புறம் அழகுக்காகவே வெப்பமண்டலம் பூரா நட்டாங்க. 2000-ல இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியத்தோட மோசமான 100 அயல் ஊடுருவிகள் பட்டியல்ல இதுவும் ஏறிடுச்சு.

சொந்த ஊர்ல இந்தப் பூவுக்கு முக்கியமான விருந்தாளி பறவைங்க. தேனீயை நம்பி அது இல்ல. வந்த ஊர்லதான் சிக்கல். பிரேசில்ல பூக்கிண்ணத்துக்குள்ள செத்துக் கிடந்த பூச்சிகளை எண்ணிப் பார்த்தாங்க. பெரும்பாலும் கொடுக்கில்லாத தேனீக்கள், அதாவது நம்ம கொசுத்தேனீயோட பங்காளிங்க. தேன்ல விஷமா, மகரந்தத்துலயா, மொட்டுல இருக்கிற வழவழப்புலயான்னு சண்டை இன்னும் முடியல. ஆனா சாந்தா கத்தரீனா மாநிலம் முடிவுக்குக் காத்திருக்கல. 2019-ல இந்த மரத்தை நடக் கூடாதுன்னு சட்டமே போட்டுடுச்சு.

பூவுல விஷம்ங்கிறது புதுசு இல்லீங்க. கி.மு. 400 வாக்குல செனபோன் கூட வந்த கிரேக்கப் படை கருங்கடல் ஓரத்துல தேனைச் சாப்பிட்டுட்டு குடிகாரங்க மாதிரி சுருண்டு விழுந்துச்சு. மூணு நாலு நாள்ல எந்திரிச்சுட்டாங்க. காரணம் அங்க பூக்குற ரோடோடென்ட்ரான்னு சொல்றாங்க. அதே செடியை அயர்லாந்துல கொண்டு போய் வச்சாங்க. அந்தப் பூவோட விஷம் அங்க உள்ள தேனீயைக் கொல்லுது, பெரிய வண்டுத்தேனீயை ஒண்ணும் பண்ணலன்னு 2016-ல வெளியான ஒரு ஆய்வு சொல்லுது. ஒரே பூ, ஆளுக்கொரு நியாயம்! அதனால ஸ்பாத்தோடியா நம்ம பெட்டித் தேனீயையும் இதே அளவுக்குக் கொல்லும்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். கொசுத்தேனீ விஷயத்துல மட்டும் எனக்குச் சந்தேகமில்ல. கண்ணால பார்த்தாச்சு.

அப்பாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். "ஏண்டா கண்ணு, பாதி நாள் அந்த மரத்தடியிலதானடா கிடந்த?"ன்னார். அப்புறம் செருப்பை மாட்டிக்கிட்டு வெளிய போனவர், சாயங்காலம் ஒரு புங்கன் கன்னோட வந்தார். குழி மட்டும் நான்தான் வெட்டணுமாம்.