மண்ணெண்ணெயில் ஓடிய ஹொண்டா

1990 இல் யுத்தம் மீண்டும் தொடங்க, யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. ஆனாலும் ஹொண்டா 50, எம்டி 90 எல்லாம் நிக்கேல்லை. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் லேசில் ஆவியாகாது. அதனால் சூப்பிப் போத்தலால் சில துளி பெற்றோல் விட்டு உதைச்சு, சூடானதும் மண்ணெண்ணெயில் ஓடினார்கள். கரி பிடிச்ச பிளக்கைக் கழற்றித் துடைக்கிறது அன்றாட வேலையானது.

இன்று அதே மோட்டார் சைக்கிள்களை வீட்டு முற்றத்தில் பிரிச்சுத் திருத்துகிறோம். கரியைச் சுரண்டத்தான் வேணும். ஆனால், பெற்றோல் விடவெண்டு அப்போது போட்ட துளையையும் அடைச்சுப் புதுசாக்க வேணுமோ? எங்களிடம் வந்த எம்டி 90 இல் அதை நிரந்தரமாக அடைக்காமல், காற்று இழுக்காதபடி ரப்பர் மூடி மட்டும் போட்டோம். உங்கள் வீட்டிலும் ஒன்று நின்றால், பெயின்ற் அடிக்க முதல் அதை ஓடினவரிட்டைக் கதை கேட்டு எழுதி வையுங்கோ.