வயதும் சுமையும்: லினக்ஸ் கெர்னலில் நீக்கலின் அளவுகோல்

திறந்த மூல மென்பொருளில் பழைய வசதியொன்றை நீக்கும்போது வழக்கமாக மூன்று காரணங்கள் சொல்லப்படும்: பழையதாகிவிட்டது, பயன்படுத்துவோர் இல்லை, நிரலின் பருமன் குறையும். லினக்ஸ் கெர்னலில் நடந்த நீக்கங்களைக் கூர்ந்து பார்த்தால், இந்த மூன்றில் எதுவும் தனித்து முடிவைத் தீர்மானித்ததாகத் தெரியவில்லை. அந்த வசதி மற்றவர்களின் வேலையில் எவ்வளவு குறுக்கிட்டது, அதற்குப் பொறுப்பேற்க ஆள் இருந்ததா என்பவையே தீர்மானித்தன.

இன்டெல்லின் 386 செயலிக்கான ஆதரவை நீக்கும் மாற்றத்தை 2012 டிசம்பரில் கெர்னல் உருவாக்குநர் இங்கோ மோல்னார் அனுப்பினார். 2013 பிப்ரவரியில் வெளியான 3.8 பதிப்பில் அது இடம்பெற்றது. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் கெர்னலை எழுதத் தொடங்கியதே ஒரு 386 கணினியில்தான். மோல்னார் அதை நினைவூட்டிச் சற்றே வருந்த, தனக்கு அப்படிப்பட்ட பற்றெல்லாம் இல்லை, தொலைந்தது நல்லதே என்றார் டோர்வால்ட்ஸ். நீங்கியவை நானூற்றுச் சொச்சம் வரிகள் மட்டுமே.

அந்தச் சில வரிகள் செய்த தொல்லை பெரிது. ‘படிக்க மட்டும்’ என்று குறிக்கப்பட்ட நினைவகப் பக்கத்தில் கெர்னல் எழுதினால் 386 தடுக்காது. தடுக்கும் வழி 486-இல்தான் வந்தது. லினக்ஸில் ஒரு செயல்முறை கிளைக்கும்போது தாயும் சேயும் ஒரே பக்கங்களைப் பகிர்ந்துகொள்ளும். யாராவது எழுத முற்படும்போதுதான் நகல் எடுக்கப்படும். எழுத முற்பட்டதைத் தெரிவிக்க வேண்டியது செயலி. அது வாளாவிருந்தால் ஒன்றன் தரவு மற்றொன்றில் பதிந்துவிடும். ஆகவே, பயனர் நினைவகத்தில் எழுதுமுன் பக்கம் பக்கமாகச் சோதிக்கும் தனிப் பாதை 386-க்காகவே தேவைப்பட்டது. மதிப்பை ஒப்பிட்டு ஒரே மூச்சில் மாற்றும் கட்டளையும் அதில் கிடையாது. இடைமறிப்புகளை நிறுத்திவைத்து அதைப் போலி செய்ய வேண்டியிருந்தது. பல செயலிகளுக்கான பூட்டுகளில் கைவைத்தவர்கள்கூட, லினக்ஸில் ஒற்றைச் செயலியாகவே இயங்கிய 386-ஐயும் கணக்கில் கொள்ள நேர்ந்தது.

2018-இல் 4.17 பதிப்பிலிருந்து பிளாக்ஃபின், டைல் உள்ளிட்ட எட்டுச் செயலிக் கட்டமைப்புகள் வெளியேறின. ஏறத்தாழ ஐந்து லட்சம் வரிகள். அவற்றின் நிரல் பெரும்பாலும் தத்தம் அடைவுகளுக்குள்ளேயே இருந்தது, கவனிக்க ஆளும் இல்லை. பருமனில் மிகப் பெரிய இந்த நீக்கம், சிக்கலில் சிறியது.

வயதைப் பற்றிய எண்ணத்தை இன்டெல்லின் இட்டேனியம் கலைத்துவிடுகிறது. 2001-இல் சந்தைக்கு வந்த அந்தச் செயலிக்கான ஆதரவு 6.7 பதிப்பில் நீக்கப்பட்டது. ஆனால் அமிகா, அட்டாரி கணினிகளில் இருந்த, அதைவிட மிகப் பழைய மோட்டோரோலா 68000 வரிசைக்கான ஆதரவு கெர்னலில் தொடர்கிறது. பராமரிப்பாளரை அளவுகோலாக்கினால் பெருநிறுவனங்களின் வன்பொருள் மட்டுமே பிழைக்கும் என்று சிலர் அஞ்சலாம். இங்கே நடந்தது நேர்மாறு: இன்டெல்லின் பின்புலம் கொண்டது போயிற்று, ஆர்வலர்கள் கையிலிருப்பது நிலைத்தது.

இந்த அளவுகோலுக்கும் எல்லை உண்டு. வன்பொருள் ஆதரவு போனால் அந்த வன்பொருள் வைத்திருப்பவர் மட்டுமே பாதிக்கப்படுவார். பிற நிரல்கள் அழைக்கும் செயற்கூறு போனால் இழப்பு வேறிடத்தில் விழும். 2014-இல் ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நூலகத்தில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டபின், ஓபன்பிஎஸ்டி இயங்குதளக் குழுவினர் அதிலிருந்து லிப்ரெஎஸ்எஸ்எல்லைப் பிரித்தெடுத்தனர். விஎம்எஸ், 16-பிட் விண்டோஸ் ஆகிய இயங்குதளங்களுக்கான நிரலை அவர்கள் களைந்ததில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் தற்போக்கு எண்களுக்கு வெளிச் சேவையை நாடும் RAND_egd என்ற செயற்கூற்றையும் எடுத்துவிட்டனர். நவீன இயங்குதளத்தில் அதற்கு வேலையில்லை என்பது சரியே. எனினும் அதன் பெயரைக் குறிப்பிட்டிருந்த நிரல்கள் தொகுக்கப்படாமல் நின்றன; பைத்தான் உட்படப் பல திட்டங்களில் அது இருக்கிறதா என்ற சோதனையைச் சேர்க்க வேண்டிவந்தது. லிப்ரெஎஸ்எஸ்எல்லுக்கு மிச்சமான உழைப்பு பிறர் தலையில் ஏறியது. ஓபன்எஸ்எஸ்எல் 2016-இல் 1.1.0 பதிப்பில் அதே வசதியை அழிக்காமல் இயல்பில் அணைத்துவைத்தது. வேண்டுவோர் தொகுக்கும்போது ஒரு விருப்பத் தேர்வால் மீட்டுக்கொள்ளலாம்.