ஜோமோ என்ற பெயரும் நைரோபி வகுப்பறையும்

மாணவர்களே, ஆசிரிய நண்பர்களே, முதலில் ஒரு பெயரைப் பார்ப்போம்: ஜோமோ குவாமே சுந்தரம். 1952இல் பினாங்கில் பிறந்த பொருளியல் அறிஞர். மலாயாப் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் கற்பித்தவர். 2005இல் ஐக்கிய நாடுகள் சபையில் பொருளாதார மேம்பாட்டுக்கான உதவிப் பொதுச்செயலாளர் ஆனார். 'சுந்தரம்' நமக்குப் புரிகிறது. மற்ற இரண்டும் எங்கிருந்து வந்தன?

ஆப்பிரிக்காவிலிருந்து. அவர் பிறந்த அதே 1952இல்தான் கென்யாவில் ஜோமோ கென்யாட்டாவை ஆங்கிலேயர் கைது செய்தார்கள். கோல்ட் கோஸ்ட்டில் குவாமே இன்க்ருமா பிரதமரானார். அந்த நாடு கானா என்ற பெயரில் 1957 மார்ச்சில் விடுதலை பெற்றது. நம் மெர்டேக்கா அதே ஆண்டு ஆகஸ்டில். அப்போது ஆப்பிரிக்கா நமக்கு அவ்வளவு தூரமாக இருக்கவில்லை என்பதைத்தான் அந்தப் பெயர் காட்டுகிறது. இப்போது அந்தக் கண்டத்தைப் பற்றி வகுப்பில் கேட்டால் சிங்கம், பஞ்சம் என்ற இரண்டு பதில்தான் வருகிறது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

ஆனால் கதையை மலாக்காவிலிருந்தே தொடங்குகிறேன். 1896இல் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் 40 ஏக்கரில் ரப்பர் நட்டார் என்று வரலாற்றுப் பாடத்தில் மனப்பாடம் செய்திருப்பீர்கள். பிறகு மலாயா முழுக்கத் தோட்டங்கள் பெருகின, நம்மவர்கள் கப்பலேறி வந்தார்கள். அவர்கள் சம்பளத்தை யார் முடிவு செய்தது? அதுதான் பாடநூலில் வேகமாகக் கடந்து போகும் இடம். 1907இல் அமைந்த இந்தியக் குடியேற்றக் குழுவுக்கு 1920களில் சம்பளம் நிர்ணயிக்கும் அதிகாரமும் கிடைத்தது. அதிகாரிகளும் தோட்டக்காரர்களும் நிறைந்த குழு அது. ஒரு தொழிலாளிக்கு மாதம் எவ்வளவு அரிசி, எவ்வளவு பருப்பு, எத்தனை துணி தேவை என்று பட்டியல் போட்டுத்தான் கூலியை நிர்ணயித்தார்கள். 1920களின் இறுதியில் முக்கியப் பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 சென், பெண்ணுக்கு 40 சென். உலகப் பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை சரிந்ததும் 1930இல் அதே பட்டியலைச் சுருக்கி 40, 32 என்று குறைத்துவிட்டார்கள்.

அதாவது, நம் பாட்டிமார் எவ்வளவு சாப்பிட வேண்டும் என்று கணக்குப் போட்டது அடுத்தவர் பென்சில். பால்மரம் வெட்டிய யாரும் அந்த மேசையில் உட்காரவில்லை.

ஐம்பது வருஷம் கழித்து ஏறக்குறைய இதே நிலைமை ஆப்பிரிக்க நாடுகளுக்கு வந்தது. 1980களில் கடன் சுமை. உலக வங்கியும் அனைத்துலக நாணய நிதியமும் நிபந்தனை போட்டன: நாணய மதிப்பைக் குறை, அரசுச் செலவை வெட்டு, மானியத்தை நிறுத்து. எதிரே உட்கார்ந்து "எங்கள் கணக்கு வேறு" என்று எண்களோடு பேச அந்த நாடுகளில் போதுமான பொருளியலாளர் இல்லை. பல்கலைக்கழகச் சம்பளம் வீழ்ந்ததால் இருந்தவர்களிலும் பலர் வெளிநாடு போய்விட்டார்கள்.

இதற்குப் பதிலாக எழுந்ததுதான் ஆப்பிரிக்கப் பொருளியல் ஆய்வுக் கூட்டமைப்பு. 1984இல் கனடாவின் ஆய்வு நிதி நிறுவனம் ஒன்று ஒரு சிறு குழுவாகத் தொடங்கியது, 1988இல் நைரோபியைத் தலைமையிடமாகக் கொண்டு தனி அமைப்பானது. அது செய்த வேலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏன்னா பயிற்சி என்றால் என்ன என்பது இதில்தான் தெரியும்.

ஓர் இளம் விரிவுரையாளர் தன் நாட்டைப் பற்றிய ஆய்வுத் திட்டம் ஒன்றை எழுதி அனுப்புவார். வருஷத்துக்கு இரண்டு முறை நடக்கும் பட்டறையில் அதை எல்லார் முன்னாலும் வைக்க வேண்டும். மூத்த அறிஞர்கள் கிழிகிழி என்று கிழிப்பார்கள். தேறினால் சிறு நிதி கிடைக்கும். அடுத்த பட்டறையில் பாதி வேலையோடு மறுபடி வந்து நிற்க வேண்டும், பிறகு முடிவறிக்கையோடு. பணத்தைவிட அந்தக் கேள்விகள்தான் ஆளை உருவாக்கின என்பது என் எண்ணம். நாமும் மாணவர் கட்டுரையைத் திருத்தி ஒரே தடவையில் மதிப்பெண் போட்டுவிடுகிறோம், இல்லையா?

1993இல் கூட்டு முதுகலைப் படிப்பு வந்தது. ஒரு சிறிய துறையால் எல்லா விருப்பப் பாடங்களையும் நடத்த முடியாது. அடிப்படைப் பாடங்களை மாணவர்கள் தம் பல்கலைக்கழகத்திலேயே படித்தார்கள், விருப்பப் பாடங்களுக்குப் பல நாட்டு மாணவர்களும் சில மாதங்கள் நைரோபியில் ஒன்றாகக் கூடினார்கள். 2002இல் முனைவர் பட்டமும் சேர்ந்தது.

இந்த அமைப்பை நடத்தியவர்கள் பிறகு எங்கே போனார்கள் என்று பாருங்கள். செயல் இயக்குநராக இருந்த பென்னோ இன்டுலு 2008 முதல் 2018 வரை தான்சானிய மத்திய வங்கி ஆளுநர். பயிற்சிப் பிரிவை நடத்திய இஞ்சுகுனா இன்டுங்கு 2007இல் கென்ய மத்திய வங்கி ஆளுநர். கைத்தொலைபேசி வழிப் பணம் அனுப்பும் எம்-பெசா அதே ஆண்டுதான் அறிமுகமானது. வங்கிகள் முணுமுணுத்தபோதும் அதை வளரவிட்டது அவர் தலைமையிலான மத்திய வங்கி.

குறையும் உண்டு. பணம் பெரும்பாலும் வெளிநாட்டு நன்கொடை. காசு கொடுப்பவர் பாதையை விட்டு ஆய்வுக் கேள்விகள் அதிகம் விலகவில்லை என்ற விமர்சனம் ஆப்பிரிக்க அறிஞர்களிடமே இருக்கிறது. அது நியாயமான விமர்சனம்தான். ஆனாலும் பென்சில் கை மாறியது.

இது எஸ்.பி.எம். தேர்வில் நேரடியாக வராது. ஆறாம் படிவத்தில் பொருளியல் எடுப்பவர்களுக்கு உதவலாம். வகுப்பில் செய்ய ஒன்று சொல்கிறேன். ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா பக்கம் தோட்டத்தில் வேலை செய்த தாத்தா பாட்டி யாராவது ஒருவரிடம் போய் உட்காருங்கள். அவர்கள் கல்யாணமான புதிதில் மாதச் சம்பளம் என்ன, கடைக்கணக்கு எவ்வளவு, அரிசிக்கு எவ்வளவு போச்சு, பள்ளிக்கு எவ்வளவு, கடைசியில் கையில் நின்றது எவ்வளவு என்று கேட்டு ஒரே தாளில் எழுதுங்கள். அவர்கள் "அதெல்லாம் எதுக்குப்பா" என்பார்கள். கொஞ்ச நேரம் காத்திருங்கள், விலையெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வரும்.