'நரம்பு' என்னும் சொல்லும் தலை, கழுத்து உடற்கூறும்: திருவனந்தபுர வட்டாரம் காட்டும் வரலாறு

முன்னுரை

மனித உடலில் கற்பதற்கு மிக அரிய பகுதி தலையும் கழுத்துமாகும். எலும்பு, தசை, குருதிக்குழாய், நரம்பு ஆகிய அனைத்தும் அங்குக் குறுகிய இடத்தில் நெருங்கி அமைந்துள்ளமையே இதற்குக் காரணம். திருவனந்தபுர வட்டாரத்தில் இப்பகுதி பற்றிய அறிவு இரு வழிகளில் வளர்ந்தது. ஒன்று, அடிபட்ட உடலைக் கண்டறிந்த வர்ம மரபு. மற்றொன்று, இறந்த உடலைக் கூறுசெய்து கற்கும் கல்லூரி மரபு. இரு மரபுகளிலும் 'நரம்பு' என்னும் சொல் வழங்கினும் பொருள் ஒன்றன்று. அவ்வேறுபாட்டை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வர்ம மரபு

திருவிதாங்கூரின் தலைநகர் 1795இல் திருவனந்தபுரத்திற்கு மாறுமுன் பத்மநாபபுரமாக இருந்தது. அதனைச் சூழ்ந்த கல்குளம், விளவங்கோடு பகுதிகளே வர்ம ஆசான்களின் நிலமாகும். 1956 நவம்பர் 1இல் இப்பகுதிகள் தமிழகத்துடன் இணைந்தன. எனினும் இம்மரபு எல்லையின் இருபுறமும் நிலைத்தது. வர்ம பீரங்கி, வர்மக் கண்ணாடி போன்ற தமிழ் நூல்கள் அகத்தியர் பெயரால் வழங்குகின்றன. வர்மம் 108 எனவும், அவற்றுள் தலை முதல் கழுத்து வரை 25, கழுத்து முதல் உந்தி வரை 45, உந்தி முதல் மூலம் வரை 9, கைகளில் 14, கால்களில் 15 எனவும் கொள்வது பெருவழக்கு. இடத்தை விரற்கடையாலும், அடியின் வன்மையை மாத்திரையாலும், மருத்துவம் செய்தற்குரிய காலத்தை நாழிகையாலும் இந்நூல்கள் அளக்கின்றன.

வடமொழிச் சுசுருத சங்கிதை மர்மங்களை 107 என்று கூறும். அவற்றுள் 37 கழுத்திலும் தலையிலும் உள்ளன. இவ்வெண்ணிக்கையும் தமிழ் நூல்களின் எண்ணிக்கையும் ஒத்துவாராமையால், ஒன்று மற்றொன்றன் நேர்மொழிபெயர்ப்பு ஆகாது என்பது தெளிவு.

கண்டதும் காணாததும்

சுசுருத சங்கிதை ஒவ்வொரு மர்மத்திற்கும் அடிபட்டால் நேரும் கேட்டைக் கூறுகிறது. கழுத்தின் நீலா, மன்யா ஆகியவற்றில் அடிபட்டால் பேச்சு அறும் அல்லது குரல் திரியும். காதின் பின்னுள்ள விதுரத்தில் செவிடு நேரும். பிடரியின் கிருகாடிகையில் தலை நடுங்கும். இவை மனத்தாற் கற்பித்தவை அல்ல. குரல்வளைக்குச் செல்லும் நரம்பை அறுத்தால் விலங்கு குரலிழக்கும் என்பதைக் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் காலன் என்னும் கிரேக்க மருத்துவர் செய்துகாட்டினார். அவர் கத்தியால் கண்டதன் ஒரு கூற்றைப் போர்க்களத்திலும் களரியிலும் புண்பட்டோரைக் கண்ட கண்களும் கண்டிருந்தன.

கன்னப்பொறியாகிய சங்க மர்மம் உடனே உயிர் போக்குவது என்று அந்நூல் கூறும். அவ்விடத்தில் மண்டையோடு மெல்லியது. அதன் உட்புறத்தில் ஒரு தமனி செல்கிறது. அடியால் அத்தமனி கிழிந்தால் எலும்புக்கும் மூளையுறைக்கும் இடையே குருதி தேங்கி மூளையை நெருக்கும். அடிபட்டவர் முதலில் தெளிவாக இருந்து சில மணி நேரத்தில் நினைவிழப்பதும் உண்டு. காயத்தின் இடமும் விளைவும் பழைய நூலுக்குத் தெரிந்திருந்தன; இடைப்பட்ட காரணம் தெரியவில்லை.

அக்காரணத்தை அறியத் தடையாக நின்றது கருத்துப் பாகுபாடு. சுசுருதர் மர்மங்களைத் தசை, சிரை, தசைநாண், எலும்பு, மூட்டு என ஐவகையாகப் பகுத்தார். நரம்பு என்று இன்று நாம் வழங்கும் உறுப்பிற்கு அங்குத் தனி வகை இல்லை. உடலை நீரோட்டத்தில் ஏழு இரவு ஊறவைத்துத் தேய்த்து அடுக்கடுக்காகக் காணும் முறையை அந்நூல் கூறினும், மெல்லிய நரம்புகள் அம்முறையில் பிழைத்திருத்தல் அரிது.

சொல்லின் வரலாறு

சங்க இலக்கியத்தில் 'நரம்பு' பெரிதும் யாழின் தந்தியைக் குறிக்கும். காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடிய புறநானூற்று 278ஆம் பாடலில் அது முதியவள் தோளில் புடைத்துத் தோன்றும் குருதிக்குழாயாகும். கயிறுபோல் நீண்டது என்னும் உருவ ஒப்புமையே இவ்வழக்குகளை இணைக்கிறது. எனவே வர்மச் சுவடியில் 'நரம்பு' வருமிடத்து அது குருதிக்குழாயா, தசைநாணா, உணர்நரம்பா என்பதை இடம்நோக்கியே துணிய வேண்டும்.

'நாடி' என்னும் சொல் மேலும் சிக்கலானது. தமிழகத்தில் அது கைபிடித்துப் பார்க்கும் துடிப்பு; தென்மாவட்டப் பேச்சில் முகவாய்; இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் தமனி; மலையாளத்தில் நரம்பு. மலையாள 'ஞரம்பு' பேச்சில் குருதிக்குழாயையும் சுட்டும். தமிழ் இலக்கியத்தில் தலையாகிய 'சென்னி', மலையாளத்தில் கன்னப்பொறியாகும்.

கல்லூரி மரபு

கல்கத்தாவில் 1836இல் மதுசூதன குப்தர் பிணக்கூறாய்வு செய்தது இந்தியாவில் புதிய கல்விக்குத் தொடக்கமாயிற்று. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய சாமுவேல் கிறீன் இக்கல்வியைத் தமிழிலேயே கற்பித்து, உடற்கூற்றியலுக்கு 'அங்காதிபாதம்' என்னும் பெயரை வழங்கினார். திருவனந்தபுரத்தில் மருத்துவக் கல்லூரி 1951இல் நேருவால் திறக்கப்பெற்றது, பயிற்றுமொழி ஆங்கிலமாயிற்று. உரிமை கோரப்படாத உடல்களைக் கல்விக்கு அளிக்கக் கேரள உடற்கூற்றுச் சட்டம் 1957இல் வழிசெய்தது. 1976இல் தொடங்கிய ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ மையம் 1980இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முதன்மை நிறுவனமாயிற்று. அங்கு 1995 முதல் கால்-கை வலிப்பு நோய்க்கு அறுவை மருத்துவம் நடைபெறுகிறது. அதில் பெரிதும் ஆராயப்படுவது கன்னப்பொறிக்கு உட்புறமாக அமைந்த மூளைமடலாகும்.

முடிவுரை

பழைய நூல்களின் 'நரம்பு' அனைத்தையும் இன்றைய நரம்பாகக் கொண்டு, முன்னோர் நரம்பியலை முற்றும் அறிந்திருந்தனர் என்பது மிகை. அவ்வுறுப்பிற்குத் தனிச்சொல் இல்லாமையால் அவர்கள் ஏதும் அறியார் என்பதும் பிழை. அவர்கள் கேட்டை அறிந்தனர். கேடுற்ற உறுப்பைப் பிரித்தறிந்திலர். வர்மச் சுவடிகளைப் பதிப்பிப்போர் இவ்வெல்லையை மனங்கொண்டு, இடந்தோறும் பொருள் வரையறுத்த சொல்லடைவு தருதல் வேண்டும். இதன் பயன் பதிப்போடு முடிவதன்று. எல்லை கடந்து திருவனந்தபுர மருத்துவமனைகளுக்கு வரும் தமிழ் நோயாளி 'நாடியில் வலி' என்று கூறுவது முகவாயை. மலையாளம் அறிந்த மருத்துவர் செவியில் அது நரம்பாக விழலாம். சொல்லின் பொருளைத் தெளிவது அங்கு நோயைத் தெளிவதன் முதற்படியாகும்.