கீழ்ப்பாக்கம் முதல் ஸ்கேன் வரை: முதுமையில் வரும் மனநோயின் கதை

சென்னையில் யாரையாவது கிண்டல் செய்ய வேண்டுமென்றால் "அது கீழ்ப்பாக்கம் கேஸுப்பா" என்று சொல்லிவிடுவார்கள். ஓர் ஏரியாவின் பெயரே வசையாகிவிட்டது. அந்த வசைக்குப் பின்னால் இருநூறு வருட வரலாறு இருக்கிறது.

எழுபது வயதுப் பாட்டி ஒருவர் திடீரென்று "மருமக என் வளையலை எடுத்துட்டா" என்கிறார். ராத்திரியில் கதவோரம் யாரோ நிற்பதாகச் சொல்கிறார். சாப்பாட்டில் விஷம் வைத்திருப்பதாகப் பயப்படுகிறார். வீட்டில் இதற்கு மூன்று பதில்கள் தயாராக இருக்கும். ஒன்று, வயசானா அப்படித்தான். இரண்டு, வேணும்னே பண்றாங்க. மூன்று, காத்து கருப்பு பட்டிருக்கு. நான்காவதாக ஒரு பதிலும் உண்டு: மூளையில் ஏதோ மாறியிருக்கலாம். அந்த நான்காவது பதில் நம்மிடம் வந்து சேர்ந்த கதையைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

பூட்டி வைத்த காலம்

கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் வாலன்டைன் கானலி 1794ல் மதராஸில் மனநோயாளிகளுக்கென்று ஒரு இல்லம் தொடங்கினார். 1871ல் கீழ்ப்பாக்கத்தில் இப்போதுள்ள இடத்தில் 145 நோயாளிகளுடன் மதராஸ் மனநோயாளர் காப்பகம் திறக்கப்பட்டது. 1922ல் அது அரசு மனநல மருத்துவமனை என்று பெயர் மாறியது. இன்று அதுவே மனநலக் கழகம்.

அந்த ஆரம்ப காலத்தில் வயதானவரின் பிரமைக்கும் இளைஞரின் பிரமைக்கும் பெரிய வித்தியாசம் பார்க்கவில்லை. எல்லாம் ஒரே "பைத்தியம்". மூளையைப் பார்க்க வேண்டுமென்றால் ஆள் இறந்த பிறகுதான் முடியும்.

மைக்ராஸ்கோப்பில் கிடைத்த பதில்

1901ல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் மருத்துவமனையில் அகஸ்டே டெட்டர் என்ற 51 வயதுப் பெண் சேர்க்கப்பட்டார். அவரிடம் முதலில் தெரிந்தது மறதி அல்ல, கணவர் மீது காரணமில்லாத சந்தேகம்! மறதியும் குழப்பமும் அதோடு சேர்ந்துகொண்டன. 1906ல் அவர் இறந்ததும் டாக்டர் அலாய்ஸ் அல்சைமர் அவருடைய மூளையை ஆராய்ந்தார். மூளை சுருங்கியிருந்தது. செல்களுக்கு வெளியே படிவுகள், உள்ளே முடிச்சுகள். 1910ல் எமில் கிரெப்பலின் தன் பாடநூலில் அந்த நோய்க்கு அல்சைமரின் பெயரையே வைத்தார்.

அப்படியானால் முதுமையில் வரும் எல்லாப் பிரமையும் அல்சைமர் தானா? இல்லை. 1955ல் இங்கிலாந்தில் மார்ட்டின் ராத், மருத்துவமனையில் சேர்ந்த முதியவர்களைப் பின்தொடர்ந்து பார்த்து அதைக் காட்டினார். மனச்சோர்வால் வந்தவர்களில் பலர் குணமாகி வீடு திரும்பினார்கள். பிரமை மட்டும் இருந்து நினைவாற்றல் நன்றாக இருந்தவர்கள் பல வருடம் வாழ்ந்தார்கள். மறதி நோய் வந்தவர்களின் போக்கு வேறாக இருந்தது. வெளியே ஒன்று போலத் தெரிந்தாலும் உள்ளே வெவ்வேறு நோய்கள். 2000ல் ஒரு சர்வதேச நிபுணர் குழு இதற்கு வயது வரம்பும் வகுத்தது. 40 வயதுக்குப் பிறகு தொடங்குவது ஒரு வகை, 60க்குப் பிறகு தொடங்குவது இன்னொரு வகை. இந்தியாவில் பிறந்த திலீப் ஜெஸ்தேயும் அந்தக் குழுவில் ஒருவர்.

உயிரோடு இருக்கும்போதே பார்க்கலாம்

1971ல் லண்டனில் முதல் நோயாளிக்கு சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டது. 1976ல் ஈவ் ஜான்ஸ்டனும் அவருடைய குழுவினரும் நீண்ட காலம் மனச்சிதைவோடு வாழ்ந்த 17 பேரின் மூளையை அதில் பார்த்தார்கள். மூளையின் நடுவில் திரவம் நிறைந்த அறைகள் உண்டு. அந்த அறைகள் மற்றவர்களைவிட இவர்களுக்குப் பெரிதாக இருந்தன. மனநோய்க்கும் மூளையின் அமைப்புக்கும் தொடர்பு உண்டு என்பதற்கு அது பெரிய ஆதாரம்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. வயதானால் எல்லோருக்கும் மூளை கொஞ்சம் சுருங்கும், அந்த அறைகள் கொஞ்சம் விரியும். தலை நரைப்பது மாதிரி. அதனால் ஸ்கேன் படத்தை மட்டும் வைத்து ஒருவருக்கு மனநோய் என்று சொல்ல முடியாது. ஸ்கேன் ஒரு சாட்சி, தீர்ப்பு அல்ல.

தமிழ்நாட்டில்

கீழ்ப்பாக்கத்தில் மாற்றம் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் டாக்டர் சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று அறியப்படுபவர். 1978ல் ஓய்வு பெறும் வரை அந்த மருத்துவமனைக்குத் தலைமை வகித்தார். 1984ல் 'ஸ்கார்ஃப்' அமைப்பைத் தொடங்கினார். முதியோர் மருத்துவத்துக்கு வழி போட்டவர் டாக்டர் வி.எஸ்.நடராஜன். 1978ல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோருக்கென்று தனி வெளிநோயாளர் பிரிவு வந்தது.

இவ்வளவு வந்த பிறகும் 2001 ஆகஸ்ட் 6ல் ஏர்வாடியில் என்ன நடந்தது? தனியார் காப்பகக் கொட்டகை ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். மூளையைப் படம் பிடிக்கும் கருவி வந்து முப்பது வருடம் ஆன பிறகும், நம் ஊரில் சிகிச்சை என்ற பெயரில் சங்கிலி இருந்தது! மனநோயாளியைச் சங்கிலியில் கட்டக்கூடாது என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது.

சங்கிலியைவிட அமைதியான இன்னொரு தடையும் உண்டு. சென்னை நகரிலும் வேலூர் கிராமப்புறத்திலும் 65 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் நடந்த '10/66' ஆய்வின் முடிவு 2008ல் வெளியானது. வழக்கமான அளவுகோலின்படி இந்தியக் கிராமத்தில் மறதி நோய் வெறும் 0.3 சதவீதம். வேறு அளவுகோலில் பார்த்தால் அது பல மடங்கு கூடியது. காரணம் என்ன? வழக்கமான அளவுகோல், நோயால் அன்றாட வாழ்க்கை பாதிக்கப்பட்டதா என்று வீட்டாரைக் கேட்கும். நம் வீடுகளில் தாத்தா பாட்டியின் வேலைகளைப் பிள்ளைகளே செய்துவிடுவதால் பாதிப்பு வெளியே தெரிவதில்லை. கேட்டால் "வயசாயிடுச்சு, அவ்வளவுதான்" என்பார்கள். அன்பே நோயை மறைத்துவிடுகிறது.

இதனால் என்ன நஷ்டம்?

முதியவருக்குத் திடீரென்று வரும் குழப்பமும் பிரமையும் பல நேரம் சரிசெய்யக் கூடியவை. சிறுநீர்த் தொற்று, ரத்தத்தில் சோடியம் குறைவது, பி12 குறைவது, தைராய்டு, கீழே விழுந்ததால் மண்டைக்குள் ரத்தக்கசிவு... இவற்றில் எதுவும் காரணமாக இருக்கலாம். சீக்கிரம் போனால் மீட்டுவிடலாம். காரணம் தெரியாமல் தூக்க மாத்திரையோ மனநோய் மாத்திரையோ கொடுப்பதும் ஆபத்து. மறதி நோய் உள்ள முதியவர்களுக்குச் சில மனநோய் மருந்துகள் மரண அபாயத்தைக் கூட்டுகின்றன என்று 2005ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது.

இன்று ஐயப்பன்தாங்கலில் இருப்பவர் ஸ்கேனுக்காக வெகுதூரம் அலைய வேண்டியதில்லை. 1985ல் தொடங்கிய ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரி பக்கத்திலேயே போரூரில் இருக்கிறது. தூரம் இப்போது பிரச்சினை இல்லை. "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்று ஊர் சொல்லிவிடுமோ என்ற கூச்சம்தான் பிரச்சினை.

அடுத்த முறை ஒரு பாட்டி வளையலைக் காணோம் என்று அழுதால், மருமகள் நல்லவளா கெட்டவளா என்று பஞ்சாயத்து வைக்க வேண்டாம். வளையலைத் தேடிக் கொடுங்கள். மறுநாள் காலையிலேயே டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.